ஏறாத தேர்கள்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துச் செல்வது என் வழக்கம். நடுகற்களைக் காட்டி வெட்சி, கரந்தைத் திணைகளை விளக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான வகுப்பறை இந்த வட்டாரத்தில் இல்லை. சென்ற ஆண்டு சென்றபோது நடுகல் இருக்கும் பக்கம் எல்லோரும் வந்துவிட, ஆம்பூர் மாணவன் ஒருவன் மட்டும் வேறொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் காய்களும் அந்த அருங்காட்சியகத்தின் சிறப்புப் பொருள்களுள் சில. "ஐயா, இதுவும் மாடல்தானே?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னைச் சற்றுக் கூச வைத்தது. காரணம் உண்டு. அந்த மாணவன் போர் விமானங்களையும் பீரங்கி வண்டிகளையும் சிறிய அளவில் செய்கிறவன். அவனும் அவன் நண்பர்கள் ஐந்தாறு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கூடுகிறார்கள். அந்தக் குழுவுக்குப் பெயர்கூட இல்லை. ஓராண்டுக்கு முன் அவன் தந்தை, காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை செய்பவர், என்னிடம் வந்து, "படிப்பை விட்டுட்டுப் பொம்மை செஞ்சிட்டிருக்கான் சார், நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். இருபது வயதில் பொம்மை செய்வது குறித்து ஒரு தமிழாசிரியர் என்னென்ன சொல்லக்கூடுமோ அத்தனையும் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். செய்வதை நிறுத்தவில்லை.

அருங்காட்சியகத்தில் அவன் கேட்ட கேள்விக்கு "ஆம்" என்று மட்டுமே அன்று சொல்ல முடிந்தது. வீடு திரும்பிய பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது: நான் முப்பது ஆண்டுகளாகப் படித்தும் இருபது ஆண்டுகளாகக் கற்பித்தும் வரும் இலக்கியத்திலேயே இதற்கு விடை இருந்திருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

தச்சர் வீட்டுத் தேர்

போர் ஊர்தியைச் சிறிதாக்கிச் செய்வது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கம் அன்று. எகிப்தில் ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மெசெஹ்தி என்பவரின் கல்லறையில் இரண்டு மரப்பலகைகள் கிடைத்தன. ஒன்றில் ஈட்டி ஏந்திய எகிப்திய வீரர் நாற்பது பேர். மற்றொன்றில் வில்லேந்திய நூபிய வீரர் நாற்பது பேர். அனைவரும் மரத்தால் செய்த சிற்றுருவங்கள். நம் நாட்டில் சிந்துவெளி ஊர்களில் சுடுமண் வண்டிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மகாராட்டிரத்தின் தைமாபாத்தில் 1974இல் கிடைத்த வெண்கல ரதம் இரண்டு காளைகள் பூட்டியது. நின்றபடி ஓட்டும் மனிதனையும் சேர்த்து, அரை மீட்டருக்குக் குறைவான நீளமே உடையது.

தமிழில் இதற்குப் பெயரே இருக்கிறது: சிறுதேர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியவர். இரண்டிலும் விளையாட்டுத் தேரை ஓட விட்டிருக்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில், நெல்லைத் தின்ன வந்த கோழியின்மீது ஒரு பெண் தன் கனமான காதணியைக் கழற்றி எறிகிறாள். அந்தக் காதணி, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேருக்கு வழித்தடையாகிறது. சோழநாட்டின் செல்வத்தைச் சொல்ல எடுத்த காட்சி இது. ஆனால் நமக்கு வேண்டியது அந்த மூன்று சக்கரம். தளர்நடைப் பிள்ளையின் கைக்கு ஏற்றவாறு தேரின் வடிவத்தை ஒரு தச்சர் மாற்றியிருக்கிறார் என்பதே இதன் பொருள்.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் நமக்கு அருகில் வருகிறது. அதன் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அதில் மருதநிலத்து வீடுகளில் பிள்ளைகள் உருட்டும் தேரைச் சொல்லும்போது, அது தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி அமைந்தது என்கிறார் புலவர். அன்றாடம் மரம் இழைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சாதாரணத் தேர் வியப்பளிக்காது. அவனே ஏங்கும்படி இருந்தால் அந்த வேலை எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! யாரும் ஏறிச் செல்லாத நல்ல தேர் அது என்றும் கூறுகிறார். அதை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியின் பாலைக் குடித்து உறங்குகிறார்கள்.

ஏறிச் செல்லாத தேர் என்னும் கருத்தை முழுமையாக எடுத்தாண்டவர் குறுந்தொகையின் 61ஆம் பாடலைப் பாடிய தும்பிசேர்கீரனார். தோழி தலைவனைப் பற்றிப் பேசுகிறாள். தச்சர் செய்த சிறிய குதிரைத் தேரில் பிள்ளைகள் ஏறி ஊர்வதில்லை. ஆனாலும் கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். அதுபோல நாங்களும் அவனோடு கூடி இன்புறாவிட்டாலும் அவன் நட்பை எண்ணியே இன்புறுகிறோம் என்பது அவள் சொல்வதன் சாரம். காதலைப் பற்றிய பாடல்தான். ஆனால் சிற்றுருவம் என்பதன் இலக்கணத்தையே அது சொல்லிவிடுகிறது. ஏற முடியாத ஒன்றைக் கையால் அறிந்துகொள்ளும் வழி அது.

பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகச் சிறுதேர் அமைந்தது. இன்று கிடைப்பவற்றுள் பழைய பிள்ளைத்தமிழ் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடியது. நாளை உண்மைத் தேரில் ஏறப்போகும் அரசனும் முதலில் சிறுதேரைத்தான் உருட்ட வேண்டும் என்பது கவிமரபு.

கோட்டைக்குள் இருந்தவர்கள்

வளரும் அரசனுக்குச் சிறுதேர் என்றால், வீழ்ந்த அரசனுக்கு என்ன? வேலூர்க் கோட்டையின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டபோது, அவர் அரண்மனையில் ஆங்கிலேயர் ஒரு விந்தைப் பொறியைக் கண்டனர். ஐரோப்பிய உடையணிந்த ஒருவனை வீழ்த்தி அவன்மேல் நிற்கும் மரப்புலி அது. நீளம் ஏறத்தாழ 172 சென்டிமீட்டர். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் வீழ்ந்தவனின் கை அசையும், ஓலம் எழும், புலி உறுமும். உள்ளே குழல்களும் துருத்திகளும் அமைந்த இசைக்கருவியும் உண்டு. அதை இலண்டனுக்குக் கொண்டுசென்று 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் காட்சிக்கு வைத்தார்கள். இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. போர்க்களத்தில் நடக்க வேண்டும் என்று ஓர் அரசன் விரும்பியதை மரத்தில் நடத்திக் காட்டிய உருவம் அது.

புலி இலண்டன் சென்றது; புலிக்கு உரியவரின் பிள்ளைகள் வேலூர் வந்தார்கள். கோட்டைக்குள் திப்பு மகால், ஐதர் மகால் என்று இன்றும் வழங்கும் கட்டடங்களில் அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், திப்புவின் கொடி ஏறியதும், ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே அதை அடக்கியதும் நாம் அறிந்தவை. அந்தக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று புதிய தலைப்பாகையில் வைக்கப்பட்ட தோல் சின்னம் என்பதைத் தோல் தொழிலால் வாழும் இவ்வட்டாரத்து மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. உள்ளங்கையளவுத் தோல் ஒரு பேரரசை அசைத்திருக்கிறது. அதன்பின் திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

வெறுமையான கோட்டைக்கு அடுத்த கைதி பத்தாண்டுகளில் வந்தார். கண்டியின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழித்தொடர்புடையவர். கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1815 பிப்ரவரியில் பிடிபட்டார். 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30ஆம் நாள் இறக்கும் வரை இங்கேயே இருந்தார். அவர் சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் உள்ளது. பதினாறு ஆண்டுகள்! யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையும் ஒருகாலத்தில் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டன. இறுதிவரை கட்டுப்பட்டவை தந்தத்தால் செய்த காய்கள் மட்டுமே.

சதுரங்கம் என்ற சொல்லே நான்கு உறுப்புடைய படையைக் குறிப்பது. ஆட்டம் பாரசீகம் சென்றபோது தேர் அங்கே 'ருக்' ஆயிற்று. ஐரோப்பாவில் அதுவே கோட்டை வடிவம் பெற்றது. தேராகப் புறப்பட்டது கோட்டையாகத் திரும்பி வந்தது. கோட்டைக்குள் அடைபட்ட அரசனின் ஆட்டப்பலகையை எண்ணும்போதெல்லாம் இந்த மாற்றம் என் நினைவுக்கு வருகிறது.

எனவே மாணவன் கேட்டது சரிதான். சதுரங்கக் காயும் மாடல்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சதுரங்கத்தில் அரசனின் உயரம் யானையின் உயரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. இன்றைய மாடலோ அளவுக்குக் கட்டுப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய நாம் கோட்டையை விட்டு வெளியே, இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு

விமான மாடல்களில் மிகவும் பரவிய அளவு எழுபத்திரண்டில் ஒன்று. ஏன் இந்த விந்தையான எண்? ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கினால் வரும் அளவு இது. அடியும் அங்குலமும் வழங்கிய நாட்டில் பிறந்த கணக்கு. 1930களில் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் வந்த மரத்தாலான விமானத் தொகுப்புகள் இந்த அளவைப் பரப்பின. 1936இல் 'ஃப்ராக்' நிறுவனம் 'பெங்குவின்' என்ற வரிசையில் பிளாஸ்டிக் பாகங்களாலான தொகுப்புகளை வெளியிட்டது.

இரண்டாம் உலகப் போரில் இந்த விளையாட்டு திடீரென்று உயிர்ப் பிரச்சினையாயிற்று. வானில் சிறு புள்ளியாகத் தோன்றும் விமானம் நம்முடையதா, பகைவருடையதா? சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும். தவறினால் நம் விமானத்தை நாமே சுட்டு வீழ்த்துவோம். படத்தைப் பார்த்துக் கற்பது போதவில்லை. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் உருவம் தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தது: ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், ஆக ஐந்து லட்சம் மர மாடல்கள் வேண்டும். அளவு எழுபத்திரண்டில் ஒன்று. நிறம் கறுப்பு மட்டும். வானத்தின் பின்னணியில் விமானம் நிழலாகத்தான் தெரியும் என்பதால் நிறம் தேவையில்லை. இந்த அளவில் ஒரு மாடலை முப்பத்தைந்து அடி தொலைவிலிருந்து பார்த்தால், உண்மை விமானத்தை அரை மைலுக்குச் சற்றுக் குறைந்த தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். பள்ளிகளின் மரவேலைக் கூடங்கள் அந்தப் பணியில் இறங்கின.

போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்ப்பு மலிவானது. 1939இல் தொடங்கிய 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் 1953இல் ஸ்பிட்ஃபயர் விமானத் தொகுப்பை இரண்டு ஷில்லிங் விலையில் கொண்டுவந்தது. 1963இல் பிளாஸ்டிக் மாடல் செய்வோருக்கென இங்கிலாந்தில் ஒரு சங்கமும் தோன்றியது. அது பின்னர் பல நாடுகளில் கிளைத்தது.

பீரங்கி வண்டிகளின் அளவு முப்பத்தைந்தில் ஒன்றானதற்கு வேறொரு கதை உண்டு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் பாந்தர் வண்டியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதற்காகவே அதன் அகலத்தைத் தீர்மானித்தது. பிறகு அளந்து பார்த்தபோது அது முப்பத்தைந்தில் ஒன்று என்று வந்தது. அதன்பின் உலகமே அந்த அளவைப் பின்பற்றியது. இலக்கியத்துக்குப் பின்தான் இலக்கணம் என்பது இங்கும் பொருந்துகிறது.

மொட்டைமாடிப் பட்டறை

இவற்றையெல்லாம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மொட்டைமாடிக்கு நானே சென்றேன். தகரக் கூரையின் கீழ் ஒரு நீள மேசை. மேசைமேல் பாய்விரிப்பு போன்ற ரப்பர் பலகை, கத்தி, அரம், உப்புத்தாள், தூரிகைகள், பழைய மாத்திரைப் புட்டிகளில் வண்ணங்கள். என்னைக் கண்டதும் மாணவர்கள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு ஓரமாக அமர்ந்து பார்த்தேன்.

தொகுப்பின் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் கிளையில் காய்கள்போலத் தொங்குகின்றன. வெட்டியெடுத்து, காம்பு இருந்த தழும்பை அராவ வேண்டும். பிளாஸ்டிக்குக்கான பசை ஒட்டுவதில்லை; இரு பக்கங்களையும் சற்றுக் கரைத்து ஒன்றாக்குகிறது. உடலின் இரு பாதிகள் சேரும் கோடு தெரியக்கூடாது. மாவு போன்ற பூச்சால் நிரப்பி, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்க்கிறார்கள். கண்ணைவிட விரல்தான் இதில் நம்பத் தகுந்தது என்றான் ஒருவன். எனக்கு உடனே அவன் தந்தையின் தொழில் நினைவுக்கு வந்தது. தோலின் ஓரத்தைச் சீவி, இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துத் தைக்கும்போது தடிப்பு தெரியாமல் செய்வதும் இதே விரல்தான். காலணி செய்யும் கட்டையும் பாதத்தின் மாடல் அல்லாமல் வேறென்ன?

இறக்கையின் பின்விளிம்பை ஒருவன் நெடுநேரம் அராவிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது. எழுபத்திரண்டால் பெருக்கினால் மூன்றரைச் சென்டிமீட்டருக்கும் மேல். உண்மை விமானத்தில் அவ்வளவு தடித்த விளிம்பு இராது என்றான். வண்ணத்திலும் இப்படியொரு நுட்பம் உண்டாம். உண்மை விமானத்துக்குப் பூசும் அதே வண்ணத்தை மாடலுக்குப் பூசினால் கறுத்துத் தோன்றும். சிறிய உருவம் என்பது தொலைவிலுள்ள உருவம். தொலைவில் நிறம் வெளிறும். ஆகவே சிறிது வெள்ளை கலக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை பச்சையாகவா தெரிகிறது? நீலச்சாம்பலாகத்தானே தெரிகிறது!

இந்த மாணவர்களில் சிலருக்கு முதல் அறிமுகம் தேசிய மாணவர் படையின் வழியே கிடைத்தது. 1948இல் தொடங்கிய அப்படைக்கு 1950இல் வான்பிரிவு சேர்க்கப்பட்டது. விமான மாடல் செய்வது அதன் பயிற்சிகளுள் ஒன்று. பறக்கும் மாடல்களும் உண்டு, பறக்காமல் பார்வைக்கு வைப்பவையும் உண்டு.

பளபளப்பும் துருவும்

மேசையின் ஒரு பக்கம் முடித்த மாடல்கள் இருந்தன. அவற்றுள் ஒரு பீரங்கி வண்டியைப் பார்த்துத் திகைத்தேன். சங்கிலிச் சக்கரத்தில் உலர்ந்த சேறு; ஓரங்களில் வண்ணம் உரிந்து உலோகம் தெரிந்தது; புகைக்குழாயில் துரு. அத்தனையும் தூரிகையால் வந்தவை. சேறு பாலாற்று மணலைச் சலித்துப் பசையில் குழைத்தது. புதிதாக மின்னும் வண்டியைவிட இப்படிக் களம் கண்ட வண்டியைச் செய்வதே கடினம் என்றார்கள்.

புறநானூற்றின் 95ஆம் பாடல் எனக்கு நினைவுக்கு வந்தது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையாருக்கு அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் மின்னுகின்றன இவனுடைய வேல்கள். எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் ஒளவை. புகழ்வதுபோல் பழிப்பது. தொண்டைமான் காஞ்சிக்காரன், அதியமான் தகடூர்க்காரன். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம்தான் வேலூரும் ஆம்பூரும். ஆயுதத்தின் பெருமை பளபளப்பில் இல்லை, அது பட்ட பாட்டில் இருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகள் பாடல் படிக்காமலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அங்கேதான் எனக்கு ஒரு நெருடலும் தொடங்கியது. இந்தச் சேறும் துருவும் யாருடைய போரைச் சேர்ந்தவை? மேசைமேல் இருந்தவை ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட், பாந்தர், ஷெர்மன். நார்மண்டிக் கடற்கரை இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகஸ்ட் 1749இல் தங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

பெட்டியில் வராதவை

1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். எதிர்ப்பக்கத்தில் சந்தா சாகிபும் முசபர் ஜங்கும், அவர்களோடு புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படையும். யானைமேலிருந்து போரிட்ட முதியவர் குண்டடிபட்டு வீழ்ந்தார். கர்நாடகப் போர்களின் இரண்டாம் கட்டம் அங்கேதான் சூடுபிடித்தது; தென்னிந்தியா யார் கைக்குப் போகும் என்ற வழக்கின் முதல் விசாரணைகளுள் ஒன்று அது. அதற்கும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் நிருபதுங்க பல்லவன் காலத்தில் இதே ஆம்பூரில் ஆநிரை காக்கும் பூசலில் வீழ்ந்த வீரர்களுக்கு நடுகற்கள் எழுப்பப்பட்டன. அந்தக் கல்லில் வீரனைச் சிற்றுருவாக வடித்தவனும் மாடல் செய்தவன்தான். பெயரையும் ஊரையும் பூசலையும் உருவத்தின் பக்கத்திலேயே எழுதிவைத்தான் என்பதுதான் வேறுபாடு.

பழைய கதையை விடுங்கள். இந்த ஊர் இருக்கும் நெடுஞ்சாலையின் ஒரு முனையில் ஆவடி. 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி முதன்முதலாக வெளிவந்த தொழிற்சாலை அங்குள்ளது. மறுமுனையில் பெங்களூர், நேட் போர்விமானங்கள் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது அங்கே. இடையில், 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள அரக்கோணத்தில், 1992 மார்ச் 11ஆம் நாள் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளம். அதன் பெயர் ராஜாளி. 1988இல் கடற்படையில் சேர்ந்த எட்டு டியூ-142 விமானங்கள் பின்னர் இங்கிருந்துதான் இந்தியப் பெருங்கடலைக் காவல் புரிந்தன. 2017 மார்ச் 29ஆம் நாள் அவை ஓய்வு பெற்றன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைச் சுழலிகள். அந்த முழக்கத்தைக் கேட்டு அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வட்டார வானத்தின் சொந்தப் பறவை அது.

நேட் விமானத்தின் கதை இதைவிடத் தெளிவானது. ஏர்ஃபிக்ஸ் நெடுங்காலம் விற்ற நேட் தொகுப்பு இருவர் அமரும் பயிற்சி விமானம். 1979 வரை பிரிட்டிஷ் சாகசக் குழு செந்நிறத்தில் பறக்கவிட்டது. 1965 போரில் இந்திய வானில் பறந்ததோ ஒருவர் அமரும் போர்விமானம். பெட்டியிலிருப்பதை நம்முடையதாக்க வேண்டுமானால் முன்பகுதியையே வெட்டிப் புதிதாக அமைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து அப்படியே ஒட்டினால் பிறர் வரலாறுதான் வரும். நம் வரலாறு வேண்டுமென்றால் கத்தியை எடுக்க வேண்டும்.

இதை வெறும் பொம்மைக்கடைச் செய்தியாக நான் கருதவில்லை. எதைக் கையால் செய்கிறோமோ அதைத்தான் நாம் நெருங்கி அறிகிறோம். ஒரு மாதம் இறக்கையின் விளிம்பை அராவியவனுக்கு அந்த விமானம் எந்தப் போரில் எங்கே பறந்தது, யார் ஓட்டினார், யார் வீழ்ந்தார் என்பதெல்லாம் கேட்காமலேயே தெரிந்துவிடுகிறது. எந்தப் பாடநூலும் அப்படி உட்புகுவதில்லை. அத்தகைய அறிவு வாய்க்கும் இடத்தில் நம் ஊருக்கு இடமில்லாமல் போகலாமா?

போர்க்கருவியைச் சிறிதாக்கி அழகுபார்ப்பது போரைப் போற்றுவதாகாதா என்ற கேள்வியும் எனக்குள் எழுந்தது. நடுகல்லைப் பார்க்கும்போது எனக்கு அது தோன்றுவதில்லையே! நடுகல் போரைப் போற்றுவதைவிட வீழ்ந்தவனை மறக்க மறுக்கிறது. வெற்று மாடலுக்கும் நினைவுச் சின்னத்துக்கும் இடையே இருப்பது அந்தப் பெயர் எழுதும் பழக்கம்தான். பெயரும் ஊரும் நாளும் எழுதப்படாத படைக்கருவி தொண்டைமானின் கொட்டிலில் மின்னும் வேலைப் போன்றது.

இதையெல்லாம் அன்று அந்தப் பிள்ளைகளிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. ஆம்பூர்ப் போரின் கதையை மட்டும் சொன்னேன். ஓராண்டுக்கு முன் நான் சொன்னவற்றுக்காக அந்த மாணவனிடம் வருத்தமும் தெரிவித்தேன். அவன் சங்கடத்தோடு சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தான். டியூ-142 விமானத்தின் மூன்று பக்க வரைபடம். புகைப்படங்களைப் பார்த்து அவனே வரைந்தது. உண்மை நீளம் 53 மீட்டர். எழுபத்திரண்டில் ஒன்றாகச் செய்தால் 74 சென்டிமீட்டர் வரும், மேசையில் அடங்காது. நூற்று நாற்பத்து நான்கில் ஒன்றாக்கினால் 37 சென்டிமீட்டர். மரத்தில்தான் செய்யப்போகிறார்களாம். தன் தந்தை மரத்தைச் செதுக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றான். சுழலிகளை மட்டும் எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. எட்டு வட்டுகள், வட்டுக்கு நான்கு அலகுகள், ஆக முப்பத்திரண்டு. ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

தோல் துண்டுகளை ஒரே அளவில் வெட்டித் தள்ளுவதுதானே உங்கள் வீட்டுத் தொழில், தந்தையையே கேள் என்றேன்.

வேலூர் வருகிற நண்பர்கள் கோட்டையையும் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக் குதிரைத் தூண்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை வாருங்கள். நடுகல்லைப் பாருங்கள்; பிறகு அந்தச் சதுரங்கப் பலகையின் முன் சற்று நேரம் நில்லுங்கள். பதினாறு ஆண்டுகள் ஓர் அரசன் ஏறாத தேரை நகர்த்திக்கொண்டிருந்த இடம் அந்தக் கோட்டை.